மச்சான் என்று எழுதிய பெட்டி

ஆவணப் பெட்டிகளின் மேல் தேநீர்க் கோப்பை வைக்கக் கூடாது என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணியளவில், சிட்னியின் ரெட்ஃபேர்னில் மீன் பொரிக்கும் கடையொன்றின் மேல்மாடி அறையில் ஏகமனதாக நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளாக அதை எதிர்த்து வந்த ரூபி அன்று கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். ஆவணக் காப்பகக் குழுவில் இருந்தவர்கள் மூவர்தான். தீர்மானத்தை ஐந்து ஆண்டுகளாக விடாமல் முன்மொழிந்துவந்த இராசநாயகம் அண்ணர் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. ஒருநாளும் பிந்தாதவர் என்பதால் எங்கள் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வந்ததும் இதைச் சொல்லி அவரை மகிழ்விக்கலாம் என்றுதான் கையை உயர்த்தினோம்.

பத்து நிமிடம் கழித்துக் கடைக்காரி படியடியில் நின்று கூப்பிட்டாள். தொலைபேசி. பரமட்டா ரயில் நிலையத்தில் அண்ணர் விழுந்துவிட்டார்; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவருடைய சட்டைப்பையில் இருந்த ஒரே இலக்கம் மீன்கடையினுடையது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, இங்கேயே தங்கி, பரமட்டாவுக்குக் கிட்ட ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளர் பதிவேடுகளைப் பராமரித்தவர். நானும் அதே பிரிவில்தான் வேலை செய்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்திருந்ததை ஒருவரும் கண்டதில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே வாசிப்பார், பேசும்போது அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பார். அவரோடு ஒரு மணி நேரம் கதைத்தால் கழுத்து நோகும்.

அவர் ஜோவோடு நாலு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தார். ஜோ வடக்கே டொரஸ் நீரிணைத் தீவொன்றிலிருந்து வந்தவர். துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். ஜோ திடீரென்று இறந்து அடக்கம் முடிந்த மறுநாள், அண்ணர் வேலை முடிந்து வந்தபோது, வீட்டுக்காரர் ஜோவின் பொருட்களைத் தெருவோரத்தில் குவித்திருந்தார். குப்பை வண்டி அரைவாசியை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. அண்ணரின் கைக்கு வந்தவை சில கடிதங்கள், சில படங்கள், ஒரு சீப்பு. அவற்றை ஒரு சப்பாத்துப் பெட்டியில் போட்டார். எங்கள் ஆவணக் காப்பகத்தின் முதற்பெட்டி அதுதான்.

"எங்கடை ஆஸ்பத்திரியிலை ஒராள் பல்லுப் பிடுங்கினாலும் பதிவு இருக்கு, தம்பி," என்றார் என்னிடம். "ஜோ எண்டொரு மனுசன் இருந்ததுக்கு இந்தச் சீப்புத்தான் இருக்கு."

அதன் பிறகு அவர் இப்படிப்பட்டவர்களின் கடிதங்களையும் படங்களையும் தேடிச் சிட்னி முழுவதும் அலைந்தார். ஆணை விரும்பிய ஆண்கள், பெண்ணை விரும்பிய பெண்கள், அவர்களில் கறுப்பர்கள். பழங்குடியினர், தீவுக்காரர், எங்களைப் போன்றவர்கள். ஒருவர் இறந்தால் அல்லது வீடு மாறினால், குப்பை வண்டிக்கு முந்திப் போய் நிற்பார். நாங்கள் கறுப்பரோ என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"பார்க்கிலை வாங்கிலை குந்தியிருக்கேக்கை பொலிஸ்காரன் வந்து உம்மைத் துரத்தினவனெல்லோ. நீர் யாழ்ப்பாணமோ எண்டு கேட்டவனோ?"

"இல்லை."

"அப்ப எழும்பும். பெட்டியைத் தூக்கும்."

ரூபியை அவர் சேர்த்துக்கொண்டதும் இப்படித்தான். ரூபி ரெட்ஃபேர்னில் பிறந்து வளர்ந்த பழங்குடிப் பெண்; சலவைச்சாலையில் வேலை. தன்னைப் போல் பெண்ணை விரும்பியவர்களுக்கு உரிமை கேட்டு நடந்த ஊர்வலமொன்றில் முன்வரிசையில் போனவர். மறுநாள் பத்திரிகைப் படத்தில் வெள்ளைக்காரர் எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டது போக, ரூபியின் முழங்கை மட்டும் மிஞ்சியது. அண்ணர் அதைக் கத்தரித்து ஒட்டி, கீழே "பெரியம்மாவின் முழங்கை" என்று எழுதினார்.

அதுதான் அவருடைய முறை. ஆணும் ஆணும் உறவுகொள்வது, எண்பதுகள் பிறந்த பின்னும், இங்கே சட்டப்படி குற்றம். எந்த நேரமும் கதவு தட்டப்படலாம். ஆகவே பெட்டிகளில் பெயர் கிடையாது. எல்லாம் தமிழில், எல்லாம் உறவுமுறையில்: சித்தப்பா, மாமி, மச்சாள், சம்பந்தி. சிட்னிப் பொலிசில் தமிழ் வாசிப்போர் அரிது என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

"பெரியம்மா எண்டால் என்ன?" என்று ரூபி கேட்டார். (அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தருகிறேன். வசவுகளைக் குறைத்திருக்கிறேன்.)

"அம்மாவுக்கு மூத்தவ."

"உன்னைவிட எனக்குப் பத்து வயது குறைவடா, கிழவா!"

"வயதில்லை, மரியாதை," என்று சொல்லிக்கொண்டே அண்ணர் மற்றப் பக்கத்துக்கு நடந்தார். ரூபி தேநீர்க் கோப்பையைத் தன் பெட்டியின் மேலேயே வைத்தார். அண்ணர் அதை எடுத்துத் தரையில் வைத்தார். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. வெளிக்கிடும்போது மட்டும் "போறன்" என்று சொல்ல ஒருவரையும் விடமாட்டார். "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லவேண்டும். ரூபி கற்ற ஒரே தமிழ் அது.

அண்ணரின் தம்பி சிவபாலன் மெல்பேர்னில் பொறியியலாளர். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள், ஒரு கட்டுக் குப்பைப் பைகளோடு அறைக்கு வந்தார். வாடகை ஒப்பந்தம் அண்ணரின் பெயரில். திங்கட்கிழமை அறையைக் காலியாகக் கொடுக்கவேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் சட்டப்படி தம்பிக்கு. எங்களிடம் இருந்தது தேநீர்த் தீர்மானம் ஒன்றுதான்.

"எல்லாம் பழைய பேப்பர்தானே. எறிஞ்சுவிடுவம்," என்று ஒரு பையை உதறினார். பிறகு பெட்டியைப் பார்த்தார். "பெரியம்மாவோ? எங்கடை பெரியம்மா ஊரிலையெல்லோ?"

நான் மொழிபெயர்த்தேன். "அது நான்தான்," என்றார் ரூபி.

சிவபாலன் அவரை மேலும் கீழும் பார்த்தார். அறையில் இருந்த ஒரே கதிரையை இழுத்து வைத்தார். "இருங்கோ," என்றார், தமிழிலேயே.

அடுத்து அவருடைய கை "மச்சான்" பெட்டிக்குப் போயிற்று. நான் தடுக்கப் போனேன். ரூபி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். திறந்ததும் மேலே ஒரு படம். கடற்கரையில் இரண்டு சாய்கதிரைகள். ஒன்றில் ஜோ, மற்றதில் அண்ணர். ஆம், உட்கார்ந்திருக்கிறார், காலையும் நீட்டியிருக்கிறார்.

"இது ஆர்?"

"ஜோ. ஆறு வருஷத்துக்கு முதல் காலமாயிட்டார்."

"மச்சான் எண்டு அண்ணரோ எழுதினவர்?"

"ஓம்."

சிவபாலன் யன்னலடிக்குப் போனார். அலுமாரியடிக்கு வந்தார். மறுபடி யன்னலடிக்குப் போனார்.

"அம்மா சாகுமட்டும் அவருக்குக் கலியாணம் பேசிப் பேசிக் கடிதம் போட்டவ," என்றார். இன்னும் ஒருமுறை நடந்தார். "அண்ணருக்கு மச்சானெண்டால் எனக்கும் மச்சான்தானே."

அது ஒரு வகைப்படுத்தற் குறியீடு மட்டுமே என்று விளக்கும் கடமை பதிவேட்டுப் பிரிவு ஊழியன் என்ற முறையில் எனக்கு இருந்தது. நான் அதைச் செய்யவில்லை. அவர் குப்பைப் பைகளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எங்கை கொண்டுபோறது, சொல்லுங்கோ. கார் கீழை நிக்குது."

ரூபியின் வீட்டுக்கு நாலு தரம் போய்வந்தோம். "மச்சான்" பெட்டியை அவர் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. கடைசிப் பயணத்தில் மடியில் வைத்துக்கொண்டு என்னைக் காரை ஓட்டச் சொன்னார். கதவைச் சாத்துமுன் ரூபி வெறும் அறையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழைச் சொன்னார். "போட்டு வாறன்."

அந்த வீட்டில் மழை ஒழுகாத இடம் சமையல் செய்யும் குசினி ஒன்றுதான். பெட்டிகள் இப்போது அங்கே, மேசையிலும் அதைச் சுற்றியும் கூரைவரை இருக்கின்றன. தேநீரை வெளியே முற்றத்தில் நின்றுகொண்டு குடிக்கிறோம்.