கழுவிக் காயவைத்த பால் கவர்கள்

பாலை ஊற்றியதும் காலிக் கவரைக் குழாயடியில் அலசி, உதறி, சன்னல் கம்பியில் மாட்டுவது என் வழக்கம். "காலிக் கவருக்கு இவ்வளவு உபசாரமா?" என்று மனைவி கேலி செய்வாள். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வெட்கம்.

இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில், நெய்வேலிக்கு வெளியே ஒரு குப்பைக் கிடங்கில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிற சோதனை உலைக்கு நான்தான் பொறுப்பு. சின்னத் தனியார் கம்பெனி, கான்ட்ராக்ட் வேலை. உலை நன்றாக எரிந்தால் பர்மனென்ட் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே குப்பை பிரிக்கிற அக்கா ஒருவர் இருந்தார். அட்டை, பிளாஸ்டிக் பாட்டில், பால் கவர் எல்லாவற்றையும் தனித்தனி மூட்டையாகக் கட்டுவார். கவர்களை மட்டும் கழுவிக் கொடியில் காயப்போடுவார். அழுக்குக் கவரைப் பண்ருட்டி காயலாங்கடைக்காரர் தொடமாட்டார். அந்த மூட்டைகள்தான் அவர் பிழைப்பு.

நான் நிலக்கரி ஊரில் வளர்ந்தவன். மைன்ஸிலிருந்து ஈரத்தோடு வருகிற கரியே பாய்லரில் எரிகிறது, குப்பை எரியாதா என்று மார்தட்டினேன். அக்கா அப்போதே சொன்னார்: "எரியறதெல்லாம் நாங்க பொறுக்கிக்கினு போயிடறோம் சார். உங்களுக்கு மிஞ்சறது அழுவுன சோறும் வாழ எலையுந்தான்." குப்பை பிரிக்கிறவருக்கு உலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். பெரிய மேதாவி நான்.

மூன்று நாள் உலை புகைந்ததே தவிர எரியவில்லை. காயலாங்கடைக்கு எது வேண்டுமோ அதுவேதான் உலைக்கும் வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆனால் மறுநாள் காலை பெரிய அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அக்கா வேலைக்கு வருமுன், அவர் ஒரு வாரமாகக் கட்டிவைத்திருந்த மூட்டைகளை ஆள் வைத்து உலையில் கொட்டினேன். கொடியில் கிடந்த கவர்களையும் விடவில்லை. அவற்றை உருவியது என் கைதான்.

நெருப்பு ஜம்மென்று பிடித்துக்கொண்டது. வந்தவர்களில் ஒருவர், வெறுங்கொடியைப் பார்த்தபடி நின்ற அக்காவிடம், "ஈரக் குப்பை எப்படிம்மா இப்படி எரியுது?" என்று கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "சாரு ராவும் பகலுமா பாடுபட்டாருங்க" என்றார். அவர்கள் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நானும் வெட்கங்கெட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனபின் அக்கா பக்கத்தில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இத்தனை வருடம் உறுத்தியிருக்காது. தணிந்த குரலில், "அடுத்த வாரமும் யாராச்சும் வராங்களா சார்? வந்தா இப்பவே சொல்லிடுங்க, நான் கழுவாம வுட்டுடறேன்" என்றார்.

கழுவாத கவர் சோற்று ஈரத்தோடு புகையும், எரியாது. அடுத்த வாரம் இன்னொரு குழு வரப்போவது எனக்குத் தெரியும்.

"யாரும் வரலக்கா. நீங்க கழுவுங்க" என்றேன்.