வெள்ளைத்தாள் ஒட்டிய கல்

தேர்தல் தேதி அறிவித்தால் எங்கள் சிதம்பரத்தில் முதலில் முகத்தை மூடிக்கொள்பவை சிலைகள்தான். அறிவிப்பு வந்த அன்றே ஏணியும் துணியுமாக ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். கட்சிக் கொடிகள் இறங்கும். அரசு அலுவலகச் சுவர்களில் தலைவர்களின் படங்கள் இறங்கும். நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியிலும் தலைமையாசிரியர் அறையில் மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைப்போம். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருந்தால் அதன்மேல் தாள் ஒட்ட வேண்டும். நடத்தை விதி அப்படி. ஐந்து வருஷம் பார்த்துச் சலித்த பெயரை ஒரு மாசம் மறைத்துவிட்டால் ஜனம் மறந்துவிடுமா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுச் சிரிப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த விதி ஒரு நாள் என் பிள்ளை பெயர்மேலேயே வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கவில்லை.

கடலூரில் கடலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் கொடிக்கம்பம், அதன் பின்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு கல். சுனாமியில் அந்தப் பகுதியில் போனவர்களுக்காக வைத்தது. மேலே பளபளவென்று கறுப்புக் கிரானைட். திறந்து வைத்த அமைச்சர், முன்னிலை வகித்தவர், வரவேற்புரை ஆற்றியவர் எல்லாருடைய பெயரும் அதில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். கீழே சிமெண்டுப் பலகை. வெள்ளை அடித்து, கறுப்பு பெயிண்டில் செத்தவர்கள் பெயர். வந்து போனவருக்கு வெட்டெழுத்து, செத்துப் போனவருக்கு பெயிண்ட். முதல் நாளே இதைக் கேட்டேன். நிதி அவ்வளவுதான் என்றார்கள்.

அந்தப் பெயர்களில் ஒன்று என் மகளுடையது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அந்தக் கல்லுக்கு மட்டும் கொடுத்த பெயர்.

இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அரையாண்டு லீவு. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்திருந்தது கடலோரத்தில். அத்தை வீட்டுக்குப் போகணும் என்று ஒரே அடம். கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் உள்ளே வந்துவிட்டது. நாத்தனார் உடல் கிடைத்தது. என் பிள்ளை கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று வரிசையாகப் படுக்க வைத்திருந்த இடமெல்லாம் போய், துணியை விலக்கி விலக்கிப் பார்த்தோம். வேறு யாருடைய பிள்ளைகளோ இருந்தார்கள்.

நாத்தனாருக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, வருஷா வருஷம் திதி இருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் கிடையாது. கோவில் பக்கத்தில் ஐயரிடம் போய்க் கேட்டேன். "சின்னக் குழந்தைக்குத் திதி இல்லம்மா, சாஸ்திரத்துல இடமில்ல" என்றார். பாவம், அவர் மெதுவாகத்தான் சொன்னார். நான்தான், பெற்று வளர்க்க இடமிருந்ததே, கும்பிட மட்டும் இடமில்லையா என்று கத்திவிட்டு வந்தேன்.

படமாவது மாட்டலாம் என்றால் வீட்டுக்காரர் விடவில்லை. அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "பாடியப் பாத்தியா நீ? பாக்காம எப்படி மாலை போடுவ?" என்பார். யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், எங்கேயோ வளர்கிறாள் என்று அவர் கணக்கு. கல்லில் எழுதப் பெயர் கேட்டு அலுவலகத்து ஆள் வந்தபோது அவர் வீட்டில் இல்லை. நான்தான் கொடுத்தேன். ஒரு வாரம் சோறு தின்னவில்லை மனுஷன். நானும் இறங்கி வரவில்லை. என் பிள்ளை பிறந்தாள், இருந்தாள் என்று உலகத்தில் ஒரு இடத்திலாவது எழுதியிருக்க வேண்டும் எனக்கு. அதைப் பெருந்தப்பு என்று அவர் நினைத்தார். இன்றைக்குக் கேட்டாலும் கொடுத்தது சரி என்றுதான் சொல்வேன்.

முதல் வருஷ நினைவு நாளில் அந்த அலுவலகத்து வாசலில் நல்ல கூட்டம். கம்பத்தில் கொடி உச்சியில் பறந்துகொண்டிருந்தது. கொஞ்சம் இறக்கிப் பாதிக் கம்பத்தில் விடுங்கள் சார் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அங்கே இருந்த அதிகாரி சொன்னார்: "தேசியக் கொடிய நாமளா அரைக்கம்பத்துக்கு இறக்கக் கூடாதுப்பா. மேலேந்து உத்தரவு வரணும். இல்லாட்டி குத்தமாயிடும்." கூட்டத்தில் ஒரு அம்மா மாரில் அடித்துக்கொண்டு, "கடலு உள்ள வர்றதுக்கு எவன்கிட்டடா உத்தரவு வாங்குச்சு?" என்று கேட்டாள். கொடி உச்சியில்தான் இருந்தது.

நினைவு நாளுக்குப் போவதை நான் பிறகு விட்டுவிட்டேன். மைக், மாலை, செல்ஃபி என்று ஆகிவிட்டது. அவள் பிறந்தநாள் பங்குனியில். அன்றைக்குத்தான் போவேன். சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் ஷேர் ஆட்டோ பிடித்து, தேன்மிட்டாய் பொட்டலத்தோடு இறங்குவேன். வீட்டுக்காரரும் கூட வருவார், ஆனால் கேட்டுக்கு உள்ளே வர மாட்டார். எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நான் உள்ளே போய் அவள் பெயர்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே வருகிறவர்களுக்கு மிட்டாய் கொடுப்பேன். எல்லாம் அவ்வளவுதான்.

பஸ்ஸில் அவருக்கு ஒரு வேலை உண்டு. ஏறுகிற பெண்களைப் பார்ப்பார். தப்பாக நினைக்க வேண்டாம். முதலில் யூனிஃபார்ம் போட்ட சிறுமிகளைப் பார்த்தார். வருஷம் போகப் போக, பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பெண்களை. அப்புறம் காலேஜ் பெண்களை. இப்போது கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்களை. அவர் தேடுகிற பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே வந்தது. பிள்ளைக்கு இருந்ததுபோல் காதுமடலுக்குப் பின்னால் மச்சம் இருக்கிறதா என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பார். "என்னங்க, செருப்பால அடிப்பாளுங்க, சும்மா உக்காருங்க" என்று தொடையில் கிள்ளுவேன். ஒருவரும் அடித்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்போல.

இந்த முறை தேர்தல் அறிவித்த கொஞ்ச நாளில் பிறந்தநாள் வந்தது. முந்தைய தேர்தல்களில் மேலே கிரானைட்டுக்கு மட்டும் ஒரு துணியைக் கட்டிவிடுவார்கள். கீழே பெயர்கள் எப்போதும்போல் இருக்கும். இந்த முறை போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை முழுக்க வெள்ளைத்தாள். மைதாப் பசை இன்னும் காயவில்லை. தொட்டால் கையில் பிசுபிசுத்தது.

உள்ளே ஒரு கிளார்க் இருந்தார், சின்ன வயசுக்காரர். "ஏன் சார், அமைச்சர் பேர மட்டும்தான மறைக்கணும்?" என்றேன்.

"ரெண்டையும் சேர்த்து ஒட்டச் சொன்னாங்கம்மா. ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பணும். அரைகுறையா இருந்தா பறக்கும் படை வந்து கேள்வி கேப்பாங்க."

"கீழ இருக்கறவங்க செத்தவங்க சார். அவுங்க ஓட்டு கேக்கவா போறாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "செத்தவங்க ஓட்டு போடுறாங்கன்னுதாம்மா புகாரே வருது." சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "எலக்ஷன் முடிஞ்சதும் எடுத்துடுவோம்மா. எங்க போயிடப் போகுது" என்றார். கெட்டவர் இல்லை. மிட்டாயை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். சுனாமி வந்தபோது அவர் எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாராம்.

தாளின்மேலேயே கையை வைத்தேன். இந்த உயரம்தான், இந்த இடம்தான் என்று கைக்குத் தெரியும். ஆனாலும் ஈரத்தாளைத் தொட்டுக்கொண்டு நிற்பது போஸ்டர் ஒட்டுகிறவள் நிற்பதுபோல் இருந்தது. வெளியே வந்து டீக்கடையில், "மூடி வெச்சிருக்கானுங்க" என்றேன்.

"மூடியே கெடக்கட்டும்" என்றார் வீட்டுக்காரர்.

அப்படியே டீ கிளாஸைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் பாட்டுக்கு ஏறுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தேர்தல் முடிந்தது. முடிவும் வந்தது. ஊரில் சிலைகளின் துணியை அவிழ்த்தார்கள். எங்கள் பள்ளியிலும் படம் மறுபடி சுவருக்கு ஏறியது. பிறந்தநாள் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். வரமாட்டேன் என்றவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். வழக்கம்போல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

கேட்டைத் தாண்டியதுமே கிரானைட் மின்னியது. தண்ணீர் விட்டுத் துடைத்திருக்கிறார்கள். அமைச்சர் பெயரில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. கீழே வந்தால் வெறும் பலகை. வருஷக்கணக்காக உப்புக்காற்று குடித்து உப்பியிருந்த பெயிண்ட். பசை அதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தாளைத் தண்ணீர் தெளித்து இரும்புத் தகட்டால் சுரண்டியபோது எழுத்துகளும் சேர்ந்து உரிந்து வந்திருக்கின்றன. அங்கங்கே ஒரு கொம்பு, ஒரு சுழி. வேப்பமரத்தடியில் இன்னும் சுருள் சுருளாகத் தாள் கிடந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. யார் பெயரோ தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் கிளார்க் ஓடி வந்தார். "பாவிங்களா, ரெண்டாவது தடவ சாகடிச்சுட்டீங்களேடா" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எல்லாம் எழுதத் தகுந்தவை இல்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் ஒரு டப்பா பெயிண்ட் வாங்கி வருகிறேன், நானே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"கூடாதும்மா. அரசு எடத்துல இருக்கற கல்லுல வெளியாள் எழுதுனா கேஸாயிடும். மேல எழுதி அனுமதி வாங்கணும். எழுதுறேம்மா, நானே எழுதுறேன். ஆனா எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நல்லவர்தான். சாமி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கல்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் குரல் கேட்டு யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்தேன். வீட்டுக்காரர். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டுக்கு உள்ளே நின்றார். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது. பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எது?" என்றார்.

கையைக் காட்டினேன். அந்த வரியில் மிஞ்சியிருந்தது இன்ஷியல் மட்டும். அவருடைய ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும். அதற்குப் பிறகு வெள்ளை. குனிந்து அந்த எழுத்தைத் தொட்டார். புள்ளிக்குப் பக்கத்து வெறும் இடத்தை உள்ளங்கையால் தடவினார். மறுபடி தடவினார்.

"என் எழுத்து நிக்குது" என்றார். "இவ எங்கடி?"

இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. பஸ் ஏறி வந்து தொட்டுப் பார்க்கக்கூடிய பதில். அது இப்போது மரத்தடியில் குப்பையாகக் கிடந்தது. அவர் அந்த வெறும் இடத்தில் நெற்றியை வைத்து அழுதார். அவர் தங்கை உடல் கிடைத்தபோதுகூட அப்படி அழுததில்லை. கிளார்க் அவர் கையிலிருந்த டீ கிளாஸை மெல்ல வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். புதுச்சத்திரத்தில் ஒரு பெண் ஏறினாள். முப்பது வயசு இருக்காது. இடுப்பில் குழந்தை. நெரிசலில் தடுமாறி எங்கள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடியை ஒருபக்கமாக ஒதுக்கிப் பின்னியிருந்தாள். காது முழுசாகத் தெரிந்தது.

இவர் தலையைத் திருப்பவில்லை. ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்து முன்னால் போகும்வரை காத்திருந்தேன். "என்னங்க, அங்க பாருங்களேன், அந்தப் பொண்ண ஒருதரம் பாருங்களேன்" என்று நானே அவர் தொடையைக் கிள்ளினேன். அவர் பார்க்கவில்லை.