விசயதசமியன்று மச்சான் எடுத்த மட்டை

ஆழியும் சங்கும் கதையும் வாளும் வில்லும் ஏந்தி, அடியவர் அழைத்த குரல் அடங்குமுன் எழுந்தருளும் பெருமானை வணங்குகிறேன். வெண்டாமரையில் வீற்றிருக்கும் கலைமகளை என் எழுதுகோலில் வந்து அமருமாறு வேண்டுகிறேன். இன்று வளர்பிறைத் தசமி. திருவோணம் கூடிய விசயதசமி. தொட்ட செயல் துலங்கும் நன்னாள்.

இந்நாள் வந்தாலே, சந்தனமும் குங்குமமும் இட்டு, கழுத்தில் கதம்பம் சுற்றி, எங்கள் பூசையறைச் சுவரில் சாய்த்து வைத்த பேஸ்பால் மட்டைகள் என் கண்முன் வந்து நிற்கும். நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. கன்னட நாட்டில், அடுகோடி என்னும் பகுதியை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நான் எழுத்தர். என் மனைவியின் தமையனார், எனக்கு மச்சான்; அவருக்கும் அங்கேயே பண்டகசாலையில் பணி. அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தாய்நாடு திரும்பும்போது தம் விளையாட்டுச் சாமான்களை எங்கள் தொழிற்சாலைக்காரர்களிடம் விட்டுச் சென்றார். அதுவரை கிரிக்கெட் ஆடியவர்கள் அன்றுமுதல் பேஸ்பால் ஆடத் தொடங்கினர். மைதானத்துக்கு அருகில் என் வீடு இருந்ததால் மட்டைப் பை என் பொறுப்பாயிற்று.

மச்சான் தேர்போன்ற ஆகிருதி உடையவர். பையில் இருந்தவற்றுள் மிகவும் பருத்த மட்டைக்கு ஆட்டக்காரர்கள் ‘யானை’ என்று பெயர் சூட்டியிருந்தார்கள். அதைத் தூக்க அவரைவிட்டால் ஆள் ஏது? ஆகவே அது அவருடையதாயிற்று. ஆனால் அவர் யானையைச் சுழற்றி முடிப்பதற்குள் பந்து அவரைக் கடந்து போய்விடும். ஆட்டத்துக்கு ஆட்டம் இதே கதை. அணித்தலைவர் எங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர், காக்ஸ் டவுன் என்னும் பேட்டைக்காரர். நல்லவர், ஆயினும் நாக்கு காரம். “இன்னா மேன், நீ பந்த அடிக்கிறியா, இல்ல அதுக்கு விசிறி வீசுறியா?” என்று கேட்டுவிட்டு, விசயதசமி ஆட்டத்திலும் அடிக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போகும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். அன்று மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அவ்வளவு பெரிய மனிதர் சோற்றைத் தொடாமல் எழுந்துபோனதை நான் பார்த்ததே இல்லை.

ஆயுதபூசையன்று எல்லா மட்டைகளும் பூசைக்குப் போயின. மறுநாள் விடியலில், மறுபூசை முடிந்ததும், மச்சான் வந்து யானையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் மனைவி வாசற்படியில் மறித்தாள்.

“நில்லுண்ணே. பூசையில வெச்சதெல்லாம் இன்னிக்கு ஒரு தடவையாச்சும் கையில எடுத்தாவணும். என் அருவாமனைய எடுத்தாச்சு, அவரு பேனாவ எடுத்தாச்சு. உன் பேட்டுங்கள மட்டும் அம்போன்னு விட்டுட்டுப் போவியா?”

“இதெல்லாமா? அந்த ஒல்லிப் பேட்டப் பாரு, பல்குச்சியாட்டம். இத்த நான் புடிச்சா நீலசந்திரா ஏரியாவே சிரிக்கும்மா.”

“சிரிச்சா சிரிக்கட்டும். சாமி குத்தம் வேணாம்.”

தங்கை சொல்லைத் தட்டாதவர், கொல்லைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சுழற்றத் தொடங்கினார். யானை சுழன்றபோது ஓசையே இல்லை; நுனியின் கனம் அவர் தோளை இழுத்துச் சென்றது. நடுத்தர மட்டைகள் ஏதோ முணுமுணுத்தன. கடைசியில் அந்த ஒல்லி மட்டை. ‘விர்ர்’ என்று காற்றைக் கிழித்தது பாருங்கள், முருங்கை மரத்துக் காக்கைகள் பறந்தன! பூசையில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து அவரை நோக்கி எறிந்தேன். அடி விழுந்த வேகத்தில் பழம் சிதறிச் சாறு என் முகமெல்லாம் தெறித்தது. ஐயோ, பூசைப் பழமாயிற்றே என்று நான் திகைக்க, என் மனைவி கைகொட்டிச் சிரித்தாள்: “திருஷ்டி கழிஞ்சுது, போங்க!”

அப்போது எனக்குத் தோன்றியது இது. ஐந்து படைகள் ஏந்திய பெருமான், முதலை வாயில் சிக்கிய களிற்றுக்காக ஆழியை விட்டான். தூணைப் பிளந்து தோன்றியபோதோ அந்த ஐந்தில் ஒன்றையும் எடுக்கவில்லை. விரல் நகமே போதுமாயிற்று. அவன் பேருருவுக்கு நகம் சிறிது என்று எந்த அடியவர் நகைத்தார்? இதை மச்சானிடம் சொன்னேன். “கத நல்லாத்தான் இருக்கு மாப்ளே” என்றார். ஆனாலும் யானையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் நடந்தார். ஒல்லி மட்டையை நான் எடுத்துச் சென்றேன்.

மைதானத்தில் பண்டிகைக் கூட்டம். எதிரணி ஒரு மிஷன் கல்லூரி. இறுதிச் சுற்றில், இரு அணியும் சமநிலையில் இருந்தபோது, மச்சானின் முறை வந்தது. “ஹொடி, ஹொடி!” என்று கன்னடத்தில் அடிக்கச் சொல்லி ஆரவாரம். முதல் பந்து, யானை சுழன்றது, பந்து போய்விட்டது. இரண்டாவதும் அவ்வாறே. மூன்றாவதும் தவறினால் ஆட்ட விதிப்படி அவர் வெளியேற வேண்டும்; பிறகு அணியில் இடமும் இல்லை. அணித்தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மச்சான் யானையோடு என்னிடம் நடந்து வந்து, அதை என் தோளில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். “அத்தக் குடு மாப்ளே.”

சந்தனப் பொட்டு அழியாத அந்த மட்டையை அவர் பற்றியதும் எதிரணி சிரித்தது. “பல் தேய்க்கப் போறார்ரா!” என்று ஒரு குரல். பந்து வந்தது. கொல்லையில் கேட்ட அதே ‘விர்ர்’. அதற்குமேல் ‘டக்’ என்று ஒரு நல்ல ஓசை. பந்து வேலியைத் தாண்டிச் சாலைக்கு அப்பால் மறைந்தது.

“ஓடு மேன், ஓடு! பேட்டக் கீழ போட்டுட்டு ஓடு!” என்று அணித்தலைவர் தொண்டை கிழியக் கத்தினார். அடித்தவுடன் மட்டையை எறிந்துவிட்டு ஓடுவதுதான் அந்த ஆட்டத்தின் வழக்கம். மச்சானோ மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதம்பச் சரம் காற்றில் பறக்க, ஆடுகளத்தின் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தார். அந்த ஓர் ஓட்டத்தில் ஆட்டம் எங்களுடையதாயிற்று. கூட்டம் சிரித்தபடியே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

“எதுக்கு மேன் அதையும் தூக்கிட்டு ஓடுன?” என்றார் அணித்தலைவர், அவரைக் கட்டிக்கொண்டு.

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. “பூசை பண்ணதுப்பா. கால்ல படுற மாதிரி எப்பிடிக் கீழ போடுறது?”

காக்ஸ் டவுன்காரர் தம் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். “அப்ப அடுத்த ஆட்டத்துக்கும் தூக்கிக்கிட்டே ஓடு” என்றார்.

இன்று அந்த மைதானம் வீடுகளாகிவிட்டது. மச்சானும் பெருமான் திருவடி சேர்ந்துவிட்டார். இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும், உங்கள் கைக்கு இசைந்த கருவி கிடைக்கப்பெற்று, நகைப்பவர் நடுவிலும் அதைப் பற்றத் துணிந்து, குறைவின்றி நெடிது வாழ்க!