நோட்டை மூடிவிட்டுச் சொல்லு

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து வேளச்சேரி ரோட்டில் நாலு கடை தள்ளினால் உஸ்மானின் மெடிக்கல் ஷாப். பலகையில் உஸ்மான் பெயர்தான் இருக்கிறது. ஆனால் கடையை நடத்துவது அவர் மனைவி நஃபீசா என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். எந்த மருந்து எந்தத் தட்டில், எந்த டாக்டரின் கிறுக்கலுக்கு என்ன அர்த்தம், யாருக்கு எந்த வாரம் மாத்திரை தீரும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பன்னிரண்டு வருஷம் கவுண்டரில் நின்றது சும்மாவா? ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்கு அரசாங்கக் காகிதத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. மருந்துக் கடை என்றால் பதிவு பெற்ற பார்மசிஸ்ட் ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் ஐசக் சார்.

ஐசக் சாருக்கு அறுபத்தொன்பது வயது, இரண்டு முட்டியிலும் வலி. நாகர்கோவிலில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் போனால் கடை லைசென்ஸ் செல்லாது. சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு ஆளே வராமல் மாசா மாசம் பணம் வாங்கிக்கொள்ளத் தயாராக இரண்டு பேர் வந்தார்கள். "ஹராம் வேலை நமக்கு வேணாம்" என்று உஸ்மான் அவர்களுக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகுதான், தானே பார்மசிஸ்ட் ஆகிவிடுவதென்று முப்பத்தாறு வயதில் நஃபீசா டி.பார்ம் படிப்பில் சேர்ந்தாள்.

படப்பைக்கு அப்பால் கல்லூரி. காலையில் மகள் சோயாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஷேர் ஆட்டோவில் தாம்பரம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் மேற்கில் பஸ். முதல் நாள் வகுப்பில் ஒரு பையன் மரியாதையாக எழுந்து, "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டான். நஃபீசா பதில் சொல்லாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அன்றைக்குத் திறந்த நோட்டைத்தான் இரண்டு வருஷம் மூடவே இல்லை.

எழுதினாள் எழுதினாள், அப்படி எழுதினாள். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. மருந்தியல் எடுக்கும் மாளவிகா மேடம் ஆங்கிலத்தில் மழையாகக் கொட்டுகிறார். எது முக்கியம், எது சும்மா என்று பிரிக்கத் தெரியவில்லை. விட்டுவிட்ட வார்த்தையைத்தான் பரீட்சையில் கேட்பார்களோ என்று பயம். ஆகவே ஒரு வார்த்தை விடாமல் பிடித்தாள். தலைப்புக்குப் பச்சை, விளக்கத்துக்கு நீலம், மனப்பாடம் செய்ய வேண்டியதற்குச் சிவப்பு. போதாததற்குப் பாடத்தை போனில் பதிவு செய்து, வீட்டில் மிக்ஸி ஓடும்போதும் காதில் போட்டுக்கொள்வாள். காதில்தான் விழுந்தது. அதற்கு மேலே ஏறியதா என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை, பாவம்.

அவள் நோட்டுக்குக் கல்லூரியில் தனி மவுசு. கேட் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் போய் "அக்கா நோட்ஸ் ஒரு செட்" என்றால் போதும், எந்த அக்கா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நஃபீசாவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இல்லாமல் இருக்குமா?

ரிசல்ட் வந்தது. அக்கா நோட்ஸ் வாங்கிப் படித்த அத்தனை பேரும் மருந்தியல் பேப்பரில் பாஸ். அக்கா ஃபெயில். பாஸுக்கு நாற்பது வேண்டும், அவளுக்கு முப்பத்திரண்டு. மற்ற பேப்பர்கள் எப்படியோ தேறிவிட்டன, இது ஒன்று மட்டும் பாக்கி நின்றது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அன்றைக்குக் கடையில் தலையைத் தூக்காமலே மாத்திரை எடுத்துக்கொடுத்தாள்.

சாயங்காலம் ஐசக் சார் கூப்பிட்டார். "வருத்தப்படாதம்மா. ரெண்டு மாசத்துல திரும்ப எழுதலாம்ல? அதுல பாஸ் பண்ணிடு. நீ பதிவு பண்ற வரைக்கும் நான் எங்கயும் போகல. ஆனா அதுவும் போச்சுன்னா என்னால முடியாதும்மா. முட்டி சொன்ன பேச்சு கேக்கல."

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கணக்கு நஃபீசாவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த பரீட்சையில் பாஸானால் கடை இருக்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

அந்த வாரத்தில் பிளஸ்ஸி கடைக்கு வந்தாள். சேலையூர் டீச்சர் வீட்டுப் பெண், வகுப்பில் பாதி நேரம் கன்னத்தில் கை வைத்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருப்பவள். மருந்தியலில் அவளுக்கு எழுபத்தொன்று மார்க். நஃபீசாவின் நோட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துப் படித்த கட்டைக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்களுக்கு யூஸ் ஆகும்னு எடுத்துட்டு வந்தேன்க்கா."

"என் நோட்டையே எனக்குக் குடுக்கறியா?"

"பாருங்கக்கா. அப்புறம் திட்டுங்க."

பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் அடித்தல். முப்பது வரியில் நாலு வரி மிஞ்சியிருந்தது. ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னக் கேள்விகள். எத்தனை நாள் உழைப்பு!

"அக்கா, நீங்க எதையுமே விடல. இங்க பாருங்க, 'லாஸ்ட் பெஞ்ச், ஜன்னல மூடு'ன்னு மேடம் சொன்னதையும் எழுதி வெச்சிருக்கீங்க. பச்சை இங்க்ல."

நஃபீசாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பிளஸ்ஸி அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளைப் பற்றிய பாடம். வார்ஃபரின் அதிகமாகிவிட்டால் மாற்று மருந்து புரோட்டமின் என்று மாளவிகா மேடம் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். உடனே, "சாரி, அது ஹெபாரினுக்கு. வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. முதல்ல சொன்னதை அடிச்சிடுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். நஃபீசா முதலில் சொன்னதைச் சிவப்பில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். 'சாரி'யையும் எழுதியிருந்தாள். 'அடிச்சிடுங்க' என்பதையும் எழுதியிருந்தாள். அடிக்க மட்டும் இல்லை.

"பரீட்சைல இதைத்தான் எழுதினேன்" என்றாள் மெல்ல. "செவப்புல இருந்துச்சுன்னு மனப்பாடம் பண்ணேன்."

பிளஸ்ஸி கட்டை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். "சரி, இதுல என்ன இருந்துச்சு? பாக்காம சொல்லுங்கக்கா."

இப்போதுதான் படித்த பக்கம். நஃபீசா வாயைத் திறந்தாள். தலைப்பு பச்சை, இடது பக்கம் மேலே. அது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குக் கீழே என்ன? ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. நாள் முழுக்கக் கை ஒடிய எழுதினவள் நான், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நீ, நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் வடிந்ததும் நஃபீசா ஒரு பாடத்தைப் படித்துவிட்டு நோட்டை மூடினாள். காலி மாத்திரைப் பெட்டி ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளைப் பக்கத்தில் நினைவில் நின்றதை எழுதினாள். மூன்று வரி. அதிலும் ஒன்று தப்பு. அழாத குறைதான். இதற்கு முந்தின நாள் வரை அதே பாடத்தை நாலு முறை படித்து, 'ஆ, இது தெரியுமே' என்று நிம்மதியாக இருந்தவள் அவள்.

அந்த நேரம் பார்த்து முனியம்மா வந்தாள். கேம்ப் ரோட்டில் பூ விற்கிறவள், சர்க்கரைக்காரி, வாயாடி.

"பாயம்மா, ஒரு டவுட்டு. ரெண்டு மாத்திரையும் சுகருக்குத்தான? ஒண்ண சோத்துக்கு மின்னாடி போடுன்ற, ஒண்ண துன்ட்டு போடுன்ற. இன்னா ஞாயம் இது? ரெண்டையும் ஒண்ணா முழுங்கினா இன்னா?"

ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்கு நஃபீசாவின் பதில், "டாக்டர் எழுதியிருக்காரு, அப்படியே போடுங்க" என்பதுதான். அன்றைக்கு வாய் அப்படிச் சொல்லவில்லை. இதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறேனே, எனக்கு ஏன் பதில் தெரியவில்லை? "கொஞ்சம் இருங்கக்கா" என்று உள்ளே போய் நோட்டைப் புரட்டினாள். திரும்பி வந்து, நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முதல் மாத்திரை இருக்குல்ல, அது வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு, அதைத் தட்டி எழுப்பி இன்சுலின் விடச் சொல்லும். சோறு உள்ள வர்ற நேரத்துல இன்சுலின் தயாரா இருக்கணும். அதான் முன்னாடி."

"போட்டுட்டு நான் துன்னலன்னா?"

"சுகர் ஒரேயடியா இறங்கிடும். தலை சுத்தும், வேர்க்கும், மயக்கமே வரும்."

"அதான் அன்னிக்கு கோயம்பேட்ல வுயுந்தேனா! சரி, இன்னொண்ணு?"

"அது வெறும் வயித்துல போட்டா குமட்டும். அதான் சாப்பிட்டுட்டு."

முனியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தினி நாளா இத்த வாய்க்குள்ளயே வச்சிகினு இருந்தியா? சொல்றதுக்கு இன்னா பேஜாரு உனக்கு?"

ஆங்கிலத்தில் வாக்கியமாக இருந்தவரைக்கும் வழுக்கிக்கொண்டே இருந்தது, முனியம்மாவுக்குச் சொன்னதும் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் நஃபீசா முதலில் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: முனியம்மா இதில் என்ன கேட்பாள்? அந்தக் கேள்வியை ஒரு வெள்ளை அட்டையின் முன்பக்கம் எழுதுவாள். நோட்டை மூடிவிட்டுத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். பிறகு அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக மறுபக்கம் எழுதுவாள். தப்பென்றால் மட்டும் நோட்டைத் திறப்பாள். உஸ்மானுக்கு இது விநோதமாக இருந்தது. ஆளில்லாத கடையில் பெண்டாட்டி தனியாகப் பேசிக்கொண்டு நின்றால் எந்தப் புருஷனுக்குத்தான் கலக்கமாக இருக்காது?

அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. எதை எப்போது திரும்பப் படிப்பது? அதற்குக் கடைப் பழக்கமே கைகொடுத்தது. மருந்துக் கடையில் எக்ஸ்பைரி நெருங்கிய சரக்கை முன்னால் வைப்பார்கள், நாள் இருப்பதைப் பின்னால் தள்ளுவார்கள். நஃபீசா ஒரு தட்டைக் காலி செய்து அட்டைகளை அப்படியே அடுக்கினாள். மறந்துபோனது முன்வரிசை, நாளைக்கே பார்க்க வேண்டும். தட்டுத்தடுமாறிச் சொன்னது நடு வரிசை, நாலு நாள் கழித்து. சரளமாக வந்தது பின்வரிசை, அடுத்த வாரம். பின்வரிசை அட்டை திடீரென்று மறந்துவிட்டால் தயவு தாட்சண்யம் இல்லாமல் முன்னால் வந்துவிடும். போனில் இருந்த பதிவுகளைப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தினமும் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். முன்பு ஏழு மணி நேரம் படித்தவளுக்கு இது சோம்பேறித்தனமாகவே பட்டது. ஏமாற்றுகிறோமோ என்று தோன்றிய நாட்களும் உண்டு.

பரீட்சை நாளில் உஸ்மான் பைக்கில் கொண்டுவிட்டார். மூன்று மணி நேரமும் வெயிலில் கேட் பக்கத்திலேயே நின்றார். போன தடவை அவள் கூடுதல் தாள் நாலு வாங்கி, கை வீங்க எழுதிவிட்டு வந்து, "எல்லாம் எழுதிட்டேங்க" என்று சொல்லியிருந்தாள்.

"எவ்ளோ எழுதுன?" என்று அவள் வெளியே வந்ததும் உஸ்மான் கேட்டார்.

"போன தடவைல பாதிதான் இருக்கும். கேட்டதுக்கு மட்டும் எழுதினேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார். படப்பை தாண்டி தாம்பரம் வரை ஒரு வார்த்தை இல்லை. நஃபீசாவும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, குறைவாக எழுதிவிட்டோமோ என்று பயந்துகொண்டேதான் வந்தாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம் ரிசல்ட். போனைப் பார்க்கப் பயந்து நஃபீசா ஐசக் சாரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி, பரீட்சை நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி, பொறுமை என்றால் என்னவென்று எல்லோருக்கும் காட்டிவிட்டு, கடைசியில் சொன்னார். "ஐம்பத்தேழும்மா. பாஸ். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று நஃபீசா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். ஐசக் சார் சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். உஸ்மான் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளுத்து நின்றிருந்தார்.

"என்னங்க?"

"நஃபீசா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீ கம்மியாத்தான் எழுதினேன்னு சொன்னல்ல. எனக்கு நம்பிக்கை போயிருச்சு. மறுநாளே பில்டிங் ஓனர்கிட்ட போயி, இந்த மாசக் கடைசியோட கடையைக் காலி பண்றேன்னு சொல்லிட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம தினம் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண் நிறைந்துவிட்டது. அது கோபமா, வேதனையா, பாஸான சந்தோஷமா என்று பிரிக்க முடியவில்லை.

"அஞ்சு வாரம் என் பக்கத்துலயே நின்னீங்களே. நீ என்னடி எழுதினன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எத்தனை பக்கம்னுதானே கேட்டீங்க?"

அவர் தலை குனிந்தார். கேட்டுவிட்ட பிறகு அவளுக்கே மனசு கரைந்தது. பக்கத்தை எண்ணி நம்பியவள் அவளும்தானே? அந்தப் பயம் அவளுக்கும் இருந்ததே.

"சரி, தலையைக் குனிஞ்சுகிட்டு நிக்காதீங்க. அவரு வேற யாருக்காச்சும் வாக்குக் குடுக்கறதுக்குள்ள பேசுங்க. போங்க!"

நேரில் போக உஸ்மானுக்குப் பொறுமை இல்லை. கடை வாசலில் இறங்கி, போனைக் காதில் வைத்துக்கொண்டு, பஸ் சத்தத்துக்கு மேலே கத்தினார். "அண்ணே, உஸ்மான் பேசறேன். கடையை யாருக்கும் விட்டுராதீங்கண்ணே. என் வீட்டம்மா பாஸாயிட்டாங்க. ஆமாண்ணே, பார்மசிஸ்ட்டு. வீட்டுலயேதான் இருந்திருக்காங்க." 'அன்னிக்கு சரியா எழுதலன்னு சொன்னியே' என்று அந்தப் பக்கம் அவர் கேட்டார் போலிருக்கிறது. உஸ்மான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிற மாதிரிச் சொன்னார். "இல்லண்ணே, அவங்க நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நம்பாம வந்து உளறிட்டுப் போனது நான்தான்."