டேங்க் மூடியில் வைத்த சந்தனம்

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்கு முன்னால் நின்றவர்கள்: என் மகன். அவன் பெண்டாட்டி. பக்கத்து நிலத்துச் சின்னப்பையன், வாய் நிறையப் பொரியோடு. பூசணிக்காய் உடைக்க வந்த ராமன், காலையிலேயே குடித்துவிட்டு வந்திருந்தான். அப்புறம் நான்.

மகன் புது டிராக்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தான். பானெட்டுக்கு வைத்தான். ஸ்டீயரிங்குக்கு வைத்தான். டீசல் டேங்க் மூடிக்குக் கை போனது. தட்டிவிட்டேன்.

"இன்னாப்பா, சாமி காரியத்துல?"

"அதுல வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

சிந்திய ஒரு சொட்டைத் துண்டால் துடைத்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது துண்டை மோந்தேன். சந்தனமும் டீசலும் கலந்த வாசனை. பலருக்குக் குமட்டும். எனக்கு இனிக்கும். மகனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் வாலிபனாக இருந்தபோது எங்கள் மலையூரில் டிராக்டர் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படிப்பு அஞ்சாவது. அதிலும் பாதி நாள் ஆட்டின் பின்னால் போய்விட்டேன். ஆனால் டிரைவர். கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டேன். இருட்டிய பிறகும் கழற்ற மாட்டேன். அப்படி ஒருமுறை வண்டியைப் பாறைமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். பார்த்தவர்கள் அதை வித்தை என்று நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

வண்டி என்னுடையது அல்ல. ஒடுகத்தூரில் மல்லாக்கொட்டை மண்டி வைத்திருந்த ஒரு மொதலாளியுடையது. ஆடி மழைக்குச் சாமை விதைக்கும் சமயம் மலைக்குக் கொண்டுவந்து வாடகைக்கு ஓட்டுவார். கோயில் பக்கம் ஒரு வீட்டில் தங்குவார். பக்திமான். வெள்ளிக்கிழமை தவறாமல் தன் கையாலேயே வண்டிக்குச் சந்தனம் பூசுவார். கெட்டியாகப் பூசுவார். பழையதைத் துடைத்தால் பாவம் என்று அதன் மேலேயே புதியதை அப்புவார். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் வண்டி நிற்க ஆரம்பித்தது. கால் மணி நேரம் ஓடும். பிறகு மூச்சு இழுக்கும். ரெண்டு தரம் குலுங்கும். நின்றுவிடும். ஒடுகத்தூரிலிருந்து மெக்கானிக் ஜீப்பில் வந்தான். "ஏர் புடிக்குது, டீசல் பைப்புல காத்து" என்றான். பில்டர் போல்ட்டைத் தளர்த்தி, நுரை நிற்கும்வரை டீசலை வெளியே விட்டான். டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்தான். வண்டி ஓடியது. அவன் ஜீப் மலை இறங்கும் சத்தம் அடங்குவதற்குள் மறுபடி நின்றது.

மொதலாளிக்குச் சந்தேகம் வந்தது. நான் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறேன் என்று. ஒரு நாள் முழுக்க வயலில் கூடவே நின்றார். கையில் மூங்கில் குச்சி. அடிக்கடி வண்டியை நிறுத்தச் சொல்லுவார். மூடியைத் திறந்து குச்சியை விட்டு அளப்பார், மோந்து பார்ப்பார், மூடுவார். அன்றைக்கு வண்டி ஒரு தரம்கூட நிற்கவில்லை. மறுநாள் அவர் வரவில்லை. நின்றது.

"நான் நின்னா ஓடுது, நான் போனா நிக்குது. இன்னாடா அர்த்தம்?" என்றார், டீக்கடையில், எல்லோர் முன்னாலும்.

கூலிங் கிளாஸைக் கழற்றித் துடைத்தேன். அங்கே இருந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஊர்க்கவுண்டர் காளியம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டார். ஊரே வந்தது. கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினார்கள். "நான் எடுக்கல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை பொத்துப்போனது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை கோயில் நிலத்தை உழப் போனேன். கோயிலுக்கு நேர் எதிரே வண்டி நின்றது.

"ஆத்தா காட்டிக் குடுத்துட்டாடா" என்றான் ஒருத்தன். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அன்று மாலை குழாயடியில் என் அம்மாவின் குடத்தோடு தங்கள் குடம் ஒட்டாமல் தள்ளி வைத்தார்கள். அம்மா அரைக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

ரெண்டு நாள் கழித்து, மேட்டு வயலில் மறுபடி நின்றபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூடியைக் கழற்றிச் சரிவில் வீசினேன். உருண்டு புதருக்குள் போனது. டேங்கைத் திறந்தா விட முடியும்? தூசி விழும். துண்டைச் சுருட்டி டேங்கின் வாயில் செருகினேன். வண்டி கிளம்பியது. பொழுது சாயும்வரை ஓடியது. நிற்கவே இல்லை.

அப்புறம் புதரில் மூடியைத் தேடி எடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேலே சந்தனம் செங்கல் மாதிரி காய்ந்திருந்தது. ஒரு முள்ளால் சுரண்டினேன். அடியில் ஊசி முனை அளவு ஓட்டை. டீசல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போகவேண்டும். போகாவிட்டால் டீசல் இறங்காது. வண்டி சாகும். மூடியைத் திறந்தால் காற்று போகும், பிழைக்கும். அவர் குச்சியோடு நின்ற நாளில் ஓடியதும் அதனால்தான்.

ஓடிப்போய் ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கலாம். காட்டினால் என்ன சொல்வார்கள்? "அட, அவ்ளோதானா" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். என் கை பொத்தது பொத்ததுதான். சுரண்டின சந்தனத்தை எச்சில் தொட்டுக் குழைத்தேன். கட்டைவிரலால் ஓட்டையில் வைத்து அழுத்தினேன். மூடினேன். சாவியைக் கொண்டுபோய் மொதலாளியின் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் தன் மச்சான் ஏழுமலையை டிரைவராகக் கொண்டுவந்தார். பெண்டாட்டிக்குக் கூடப் பிறந்தவன், நம்பிக்கையான ஆள். வண்டி கால் மணி நேரம் ஓடியது. நின்றது. மொதலாளி குச்சியோடு போனார். ஓடியது. அவர் போனார். நின்றது.

அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். டீக்கடையில் கூட்டம் சேரட்டும் என்று ரெண்டாவது டீ சொன்னேன்.

"மொதலாளி, நீங்க நின்னா ஓடுது, நீங்க போனா நிக்குதாமே. மச்சானுக்குக் கற்பூரம் நான் வாங்கியாறட்டா?"

கடை முழுக்கச் சிரித்தது. ஊர்க்கவுண்டர் டம்ளரை வைத்துவிட்டு, "அல்லாருக்கும் ஒரே ஞாயந்தான்" என்றார். மொதலாளிக்கு வேறு வழியில்லை. மச்சானைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்.

"அக்காவைக் கட்டிகினு என்னியே திருடன்றியா? தூ!" என்று ஏழுமலை சாவியைச் சேற்றில் எறிந்துவிட்டு மலை இறங்கினான். அந்த வாரமே மொதலாளியின் சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பம்ப்பை மாற்றினார். பில்டரை மாற்றினார். மந்திரித்த எலுமிச்சம்பழம் கட்டினார். சந்தனம் இன்னும் கெட்டியானது. அதற்குள் நிலத்தில் ஈரம் போய்விட்டது. விதைக்காத நிலம் அவருக்கு வாடகை தரவில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அம்மா உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், உனக்குத் தெரியும்டா. இன்னா நோவு அதுக்கு? சொல்லு."

"தெரியாது மொதலாளி."

"நெசமா?"

"சத்தியம் பண்ணணுமா?"

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். உடம்பு சரியில்லாத நாளில் மருந்து மாதிரி.

வண்டியை வந்த விலைக்கு விற்றார். வாங்கினவன் முதல் வேலையாக அதைத் தேய்த்துக் கழுவினான். பிறகு பல வருஷம் அது ஒடுகத்தூர் ரோட்டில் செங்கல் ஏற்றிக்கொண்டு ஓடியது, மொதலாளியின் மண்டி வாசல் வழியாகவே. ஏன் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் நிம்மதியாகச் செத்திருப்பார். சொல்லவில்லை. சாவுக்கு மாலை மட்டும் கொண்டுபோனேன்.

அவர் வெளி ஆள். ஊர் என் ஊர். மச்சான் ஓடின பிறகும், "தப்பா பேசிட்டோம்டா" என்று ஒருத்தர் வரவில்லை. சிரித்தார்கள், டீ குடித்தார்கள், போனார்கள். அதனால் ஊரில் எந்தச் சாவையும் நான் விடுவதில்லை. குழிமேட்டில் நின்று கை மண் போடும்போது, "நான் எடுக்கல" என்று உள்ளே இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். அவனால் இனித் தலையை ஆட்ட முடியாது.

இப்போது அந்தக் கோயில் இல்லை. இடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். கற்பூரம் வைத்த கல்லை எங்கே போட்டார்களோ. சத்தியம் கேட்பாரும் இல்லை, எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்தான். நான் கற்பூரம் அணைத்ததைப் பார்த்துவிட்டு நம்பாமல் வீட்டுக்குப் போனவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது மூன்று பேர்.