ஜரிகை என்றொரு நாய்

நேற்று எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டில் ஒரு ஹஸ்கி ஏறியது. காஞ்சிபுரத்து மே மாத வெயிலில், பனியில் ஓடப் பிறந்த நாய், நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. "ஏசி ரூம்லதான் சார் வெச்சிருக்கோம். எங்க வீட்டுப் புள்ள மாதிரி" என்றார் அதன் சொந்தக்காரர். பிள்ளை வாக்கிங் போகுமா என்று கேட்டேன். "டைம் எங்க சார் இருக்குது?"

குளித்து ஈரம் காயாத அந்த நாயின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. நானும் நாய் வளர்த்தவன்தான். வளர்த்தேன் என்பதுகூட மிகை, வைத்திருந்தேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பட்டுச்சேலைக் கடையில் சேல்ஸ்மேன். எதிர்வீட்டில் நாய் வாங்கினார்கள் என்பதைத் தவிர நாங்கள் வாங்கியதற்கு வேறு காரணம் கிடையாது. பொன்னிற ரோமத்தோடு ஒரு பொமரேனியன் குட்டி. கடையில் நாள் முழுக்கச் சொல்லும் சொல்லே வாயில் வந்தது; ஜரிகை என்று பெயர் வைத்தேன். முதல் வாரம் மடியைவிட்டு இறக்கவில்லை. இரண்டாம் மாதம் மாடிப்படிக்குக் கீழே கட்டினோம். மிஞ்சிய சாம்பார் சாதம் போட்டோம். ரோமம் கொட்டியது. "ஊசி போடணுமாமே?" என்று மனைவி செல்வி ஒருநாள் கேட்டாள். "வீட்டு நாய்க்கு எதுக்கும்மா ஊசி? அது என்ன தெருவுலயா சுத்துது?" என்றேன். அந்த மேதாவித்தனத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

ஒரு காலை, கயிறு அவிழ்ந்த ஜரிகை, பூ கொடுக்க வந்த நாகம்மாவின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. நான் மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அத்த கொண்டுபோய்க் கொழம்புல போடுபா. சோப்பு குடு" என்று குழாயடியில் உட்கார்ந்து கால் மணி நேரம் கழுவினார் நாகம்மா.

அரசு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். "நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?" என்று கேட்டார் டாக்டர். ஒரு முந்தானையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற நான், "இல்ல சார்" என்பதோடு முடித்துக்கொண்டேன். நாகம்மாவுக்கு முதல் ஊசி போட்டார்கள். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர்; அதுவரை உயிரோடிருந்தால் வெறிநோய் இல்லை என்று அர்த்தமாம்.

வெளியே வந்ததும் நாகம்மா சொன்னார்: "வாயில்லா ஜீவன் இன்னா பண்ணும்? கடிச்சது அது இல்லபா, நீ."

அந்தப் பத்து நாள்தான் நான் உண்மையில் நாய் வளர்த்தேன். தண்ணீர் குடிக்கிறதா, சோறு இறங்குகிறதா என்று பக்கத்திலேயே கிடந்தேன். கழுத்தில் கயிறு அறுத்த புண்ணை அப்போதுதான் பார்த்தேன். தினமும் காலையில் வாசலில் நாகம்மாவின் குரல் கேட்கும்: "இருக்குதா, போச்சா?" "இருக்குது" என்பேன். இருவருக்கும் அன்றைய மூச்சு வரும்.

பதினோராம் நாள் ஜரிகை வாலாட்டிக்கொண்டு எழுந்தது. நன்றிக்கடனாக நான் என்ன செய்தேன்? கட்டைப்பையில் அதைப் போட்டு, மாகறல் பக்கம் விட்டுவிட்டு வர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன். கோயில் ஊர், யாராவது சோறு போடுவார்கள் என்று மனசாட்சிக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தேன். அங்கே பூக்கூடையோடு நாகம்மா. பையிலிருந்து தலை நீட்டிய ஜரிகை அவரைப் பார்த்துக் குரைத்தது.

"எங்கபா தூக்கிக்கினு போற?"

பொய் என் தொழிலில் பாதி. அன்று பார்த்து, "மாகறல்ல விட்டுட்டு வரலாம்னு" என்று உண்மையே வாயில் வந்தது.

"குடு இங்க." கடிபட்டவர், கடித்ததை வாங்கிக் கூடையோரம் உட்காரவைத்தார்.

அன்றே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டுவிட்டாராம். அதன்பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் ஜரிகையும் கூட நடந்து வரும். ரோமம் திரும்ப அடர்ந்திருந்தது. நான் கூப்பிட்டால் நின்று பார்க்கும்; வராது. "சாருக்கு ஒரு வணக்கம் வையி" என்பார் நாகம்மா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

இப்போது அந்தத் தெருவில் கூவிப் பூ விற்க யாரும் வருவதில்லை. நாகம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அவருக்கு வெகுகாலம் முன்பே, நன்றாகக் கிழடுதட்டி, கூட நடந்து வருவதும் நின்றபின், ஜரிகை அவர் மடியில் செத்துப்போனது. எனக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே" என்று நாகம்மாவிடம் ஆதங்கமாகக் கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்குபா சொல்லணும்?" என்றார் நாகம்மா. அவர் குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.