நூற்றில் எத்தனை என்று சொன்ன சின்னத்தை

நம் குடும்பத்தில் சின்னத்தையைப் போல் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லாதவர் வேறொருவர் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியின் மருந்தகச் சன்னலுக்குப் பின்னால் மருந்தாளுநராக இருந்த காலம் முழுவதும், எந்தக் கர்ப்பிணியிடமும் “ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க” என்று மாத்திரையை நீட்டியதில்லை. “நான் என்ன ஜோசியமா பாக்கறேன்?” என்பார்.

ஒருநாள் தையற்காரப் பெண்ணொருத்தி, இன்னும் நிறைமாதம் ஆகாத கர்ப்பிணி, கணவனோடு வந்தாள். சீட்டில் இரண்டு மருந்துகள். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கேட்டாள்.

“வலிப்பு மாத்திரை வேண்டாமாம்மா?”

“வீட்ல நிறைய இருக்கு மேடம்.”

தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை நிறைய இருக்கிறதென்றால், அது வயிற்றுக்குள் போகவில்லை. சின்னத்தை சன்னலைச் சாத்திவிட்டு இருவரையும் உள்ளே அழைத்தார்.

“குழந்தை பொறந்தப்புறம்தான் திறப்பாங்க போல!” என்று வரிசையில் ஒரு குரல் நொடித்தது.

கணவன் ஒயர்மேன். மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த விவரத் தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். “நான்தான் நிறுத்தச் சொன்னேன். பாருங்க, குழந்தைக்குப் பாதிப்பு வரலாம்னு போட்டிருக்கு.”

“கம்பத்துல அபாயம்னு பலகை மாட்டறீங்களே, அதுக்காக ஊரே இருட்டுல உட்கார்ந்திருக்கா? அடுத்த மடிப்பைப் பிரிங்க.”

பிரித்தான். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று அங்கே இருந்தது. அவன் முகம் தொங்கிவிட்டது.

சின்னத்தை உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். மாத்திரையை இன்றே மறுபடி தொடங்க வேண்டும், கையோடு மேலே வந்து தன்னைப் பார்க்கவும் வேண்டும் என்றார் அவர். ஆனால் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. “குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?”

கெடு தாண்டிக் கழித்துவைத்த வெள்ளை மாத்திரைகளில் நூறை எண்ணும் தட்டில் பரப்பினார் சின்னத்தை. மூன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிவப்பு மாத்திரைகளை வைத்தார். “எந்த மாத்திரையும் சாப்பிடாதவங்களுக்கே நூறு குழந்தையில ரெண்டு மூணுக்குப் பிறவிக் குறை இருக்கும். சில வலிப்பு மாத்திரைக்கு இந்தச் சிவப்பு நிறையக் கூடும். உங்களுக்குக் கொடுத்ததுல, இதுவரைக்கும் பாத்த அளவுல, ஏறக்குறைய இவ்வளவுதான். ஒண்ணுகூட ஏறாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.”

“நிறுத்தினா?”

“வலிப்பு வரலாம். படியில வரலாம், மிஷின் முன்னாடி வரலாம். அது ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இப்ப என்ன புரிஞ்சுதுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க.”

அவள் தட்டையே பார்த்தபடி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கணவன் குறுக்கே வாய் திறந்தான். “நீ இருய்யா, வயிறு என்னுது,” என்றாள். பிறகு, சின்னத்தை எடுத்துக் கொடுத்த வலிப்பு மாத்திரையை விழுங்கத் தண்ணீர் கேட்டாள்.

மாதங்கள் கழித்துப் பெண் குழந்தையோடு வந்தவள், “உங்களாலதான் மேடம்” என்று கண்கலங்கினாள்.

சின்னத்தை தலையசைத்து மறுத்தார். “குழந்தை நல்லா பொறந்ததுக்கு நான் பேர் வாங்கிக்கக் கூடாதும்மா. பெரும்பாலும் நல்லாத்தான் பொறக்கும். பயத்தை வெச்சுக்கிட்டே மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களே, அது உங்க கெட்டிக்காரத்தனம்.”